செஞ்சிக் கோட்டை கற்பிக்கும் பாடம்



மூன்று மலைகளை மதிலால் இணைத்து நிற்கும் நமது செஞ்சிக் கோட்டையை, 2025-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. காண வருவோர் அதன் உயரத்தைக் கண்டு வியக்கின்றனர். அது கைமாறிய வரலாற்றை அறிந்தோரோ படிப்பினை பெறுகின்றனர்.

1748-இல் ஹைதராபாத் நிஜாம் ஆஸஃப் ஜாஹ் மறைந்தார். அவருடைய மகன் நாஸிர் ஜங்கும், மகள்வழிப் பேரர் முஸஃப்பர் ஜங்கும் அரியணைக்குப் போட்டியிட்டனர். ஆற்காட்டில் நவாப் அன்வருத்தீன் கானுக்கு எதிராகச் சந்தா சாஹிப் கிளம்பினார். ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள் அமர்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டிய பிணக்கு அது. ஆனால் ஒரு தரப்பு புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரை அழைத்தது. மறு தரப்பு சென்னை ஆங்கிலேயரை நாடியது. அதே 1748-இல் அவ்விரு நாடுகளும் ஐரோப்பாவில் சமாதான உடன்படிக்கை செய்திருந்தன! தம் நாட்டில் சமாதானம். நம் மண்ணில் போர்!

விளைவு யாது? 1749-இல் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் கான் வீழ்ந்தார். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைக் கைப்பற்றினார். அவ்வாண்டு டிசம்பரில், செஞ்சிக்கு அருகிலேயே, நாஸிர் ஜங் தம் அணியைச் சேர்ந்த நவாப் ஒருவராலேயே கொல்லப்பட்டார். 1751-இல் முஸஃப்பர் ஜங்கும், 1752-இல் சந்தா சாஹிபும் கொல்லப்பட்டனர். மூன்றே ஆண்டுகளில் நால்வரும் மண்ணறைக்குச் சென்றனர். செஞ்சியோ 1761-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று.

ஆங்கிலேயர் துணையால் வென்ற முஹம்மது அலீ வாலாஜாவின் நிலை என்ன? போர்ச் செலவு முழுவதும் அவர் கணக்கில் எழுதப்பட்டது. கம்பெனிக்குச் செலுத்துவதற்காகக் கம்பெனி ஊழியர்களிடமே வட்டிக்குக் கடன் வாங்கினார். 1763-இல் செங்கல்பட்டுச் சீமை கம்பெனிக்கு ஜாகீராகச் சென்றது. உழவனின் விளைச்சல் வட்டிக்காரனின் பெட்டிக்குள் சென்றது. 1785-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலேயே எட்மண்ட் பர்க் இக்கடன் மோசடியைக் கண்டித்து உரையாற்றினார். கடனை விட்டும் நபி (ஸல்) அவர்கள் தொழுகையிலேயே பாதுகாவல் தேடியதன் பொருள் இப்போது விளங்குகிறதா?

இறுதியில் ஒரு பகைவன் தேவைப்பட்டான். 1799-இல் திப்பு சுல்தான் ஷஹீதான பின், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, ஆற்காட்டு நவாபுகள் திப்புவுடன் இரகசிய உறவு கொண்டிருந்தனர் எனக் கம்பெனி குற்றஞ்சாட்டியது. அதையே காரணமாக்கி 1801-இல் கர்நாடகத்தின் ஆட்சியை எடுத்துக்கொண்டது. 2003-இல் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகக் கூறி அமெரிக்காவும் பிரிட்டனும் இராக்கின் மீது படையெடுத்தன. அத்தகைய ஆயுதக் கிடங்கு எதுவும் அங்குக் கிடைக்கவில்லை. இரண்டு நூற்றாண்டு கடந்தும் தந்திரம் மாறவில்லை.

வல்லரசுகளின் பேராசை உண்மைதான். ஆயினும் கதவைத் திறந்துவிட்டவர்கள் யார்? தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரியுங்கள் என்றும், முஃமின்களில் இரு கூட்டத்தார் சண்டையிட்டால் அவர்களிடையே நீதியுடன் சமாதானம் செய்யுங்கள் என்றும் அல்லாஹ் திருமறையில் கட்டளையிடுகின்றான் (49:6, 9). இவ்விரு கட்டளைகளையும் கைவிட்டதன் விலையே கர்நாடகம்.

பெருமக்களே! அண்ணன் தம்பியின் பாகப்பிரிவினையாயினும், மஹல்லாவின் நிர்வாகத் தகராறாயினும், பிறர் மூட்டிவிடும் மதப் பகையாயினும், முதலில் செய்தியை விசாரியுங்கள். பின்னர் எதிர்த்தரப்பின் வாசலுக்கு நீங்களே சென்று ஸலாம் கூறுங்கள். வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை ஒன்றிணைப்பானாக! ஆமீன்.