கடலோரத்து மூன்று விளக்குகள்



‘கலங்கரை விளக்கம்’ என்ற சொல் நம் மொழிக்குப் புதிதன்று. கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். கப்பலை அழைக்கும் விளக்கு என்று பொருள். சிலப்பதிகாரத்திலேயே இச்சொல் வருகிறது. அப்படியானால் நம் நாட்டுக் கடலோர விளக்குகள் யாரை அழைத்தன? 1979-ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில்தான் எனக்கு இந்தக் கேள்வி எழுந்தது.

அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, பழைய ஹோண்டா மோட்டார் சைக்கிளில் கோலசிலாங்கூரிலிருந்து மலாக்கா வரை கடலோரச் சாலையில் இரண்டு நாள் பயணம் போனேன். அப்பா பால்மரம் வெட்டிப் பிழைத்தவர். தோட்டத்தை விட்டு அவ்வளவு தூரம் சும்மா ஊர் பார்க்கப் போனது அவருக்கு அதுவே முதல் தடவை.

விடியற்காலையில் பசியாறிவிட்டு, கோலசிலாங்கூர் புக்கிட் மலாவத்தி குன்றில் ஏறினோம். இது சிலாங்கூர் சுல்தானின் பழைய கோட்டை. 1784-இல் டச்சுக்காரர்கள் இதைப் பிடித்து, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று அழைத்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதை மீட்டுக்கொண்டார். அங்குள்ள வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1907-இல் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது. டச்சுக்காரர் வைத்த பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

குரங்குகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அப்பா, விளக்கை அண்ணாந்து பார்த்ததும் பேசாமல் நின்றுவிட்டார்.

“ஏம்ப்பா?” என்றேன்.

“இந்த விளக்காத்தான்டா இருக்கணும். பினாங்கைத் தாண்டி வர்றப்ப, ராத்திரி கப்பல் மேல்தட்டுல படுத்துக் கெடந்தோம். ஆத்தா என்னைத் தட்டி எழுப்பி, ‘சாமி விளக்கு தெரியுது, கும்பிட்டுக்கோ’ன்னாங்க. நானும் கும்பிட்டேன்” என்றார்.

அப்பா ராஜுலா கப்பலில் 1937-இல் தம் தாயாருடன் வந்தவர். அப்போது எட்டு வயது. நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வந்து இறங்கி, குவாரண்டீன் முகாமில் இருந்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனவர்கள்.

அந்த விளக்கு ஏற்றப்பட்ட 1907-ஆம் ஆண்டை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். தமிழர் குடியேற்ற நிதி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். தோட்ட முதலாளிகள் தங்களிடம் வேலை செய்யும் ஆட்களின் கணக்குப்படி பணம் கட்டினார்கள். ஆள் சேர்க்கும் செலவும் கப்பல் கட்டணமும் அந்த நிதியிலிருந்து கொடுக்கப்பட்டன. மோட்டார் வண்டிகள் பெருகி, ரப்பருக்கு விலை ஏறிய காலம் அது. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்ட பிறகும் கங்காணிகள் வழியாக மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் தடை போட்ட பிறகே இந்த ஆள்சேர்ப்பு நின்றது. ஆக, விளக்கு ஒருபுறம் கப்பலை அழைத்தது. ரப்பர் மறுபுறம் நம்மவர்களை அழைத்தது.

பிறகு கிள்ளான், பந்திங், மோரிப் வழியாகப் போர்ட்டிக்சன் சேர்ந்து, உறவினர் வீட்டில் தங்கினோம். மறுநாள் தஞ்சோங் துவான். நெகிரி செம்பிலானுக்குள் இருந்தாலும் இந்த முனை மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. காட்டு வழியே ஏறினால் உச்சியில் விளக்கு. போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே இங்கே விளக்கு வைத்தார்கள். இப்போதுள்ள கோபுரம் 1863-இல் எழுந்தது. நீரிணை இங்கே குறுகலானது. மார்ச் மாதத்தில் சுமத்திராவிலிருந்து பருந்துகள் கூட்டங்கூட்டமாகக் கடலைக் கடந்து வருவதும் இந்த இடத்துக்குத்தான். 1606-இல் டச்சுக்காரரும் போர்த்துகீசியரும் இக்கடலில் மோதி, ஆளுக்கு இரண்டு கப்பல்களை இழந்தார்கள். மலாக்காவின் வாணிகத்துக்காக நடந்த சண்டை அது.

மாலையில் மலாக்கா செயின்ட் பால் குன்றுக்கு வந்தோம். 1521-இல் போர்த்துகீசியர் எழுப்பிய தேவாலயம் இடிந்து நிற்கிறது. அதன் முன்னால் ஆங்கிலேயர் கட்டிய வெள்ளை விளக்குக் கோபுரம். உள்ளே சுவரோரமாகப் பெரிய பெரிய கல்லறைக் கற்கள்.

“இதுல எழுதியிருக்கிறதெல்லாம் யாரு பேருடா?”

“அந்தக் காலத்துப் பெரிய மனுசங்க பேருப்பா.”

“விளக்குக்குக் கல்லு சொமந்தவன் பேரு ஒண்ணும் இல்லியா?”

என்னிடம் பதில் இல்லை. பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சிங்கப்பூரின் தெற்கே 1855-இல் ஒளி ஏற்றிய ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்துக்குப் புலாவ் உபின் தீவிலே கருங்கல் உடைத்தவர்கள், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். விளக்குக்கு ராஃபிள்ஸ் பெயர் இருக்கிறது. கல் உடைத்தவர்கள் பெயர் அதில் இல்லை.

இன்று அப்பா இல்லை. விளக்குகள் கட்டிய ஆண்டெல்லாம் புத்தகத்தில் கிடைக்கிறது. ஆனால், அப்பா எந்த மாதம் வந்து இறங்கினார், அழைத்து வந்த கங்காணி யார், பாட்டியின் சொந்த ஊர் எது என்பதை நான் கேட்டு எழுதி வைக்கவில்லை. இரண்டு நாள் முழுக்க அவர் என் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஆகவே மாணவர்களே, இன்று பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். தாத்தா பாட்டியிடம், அவர்கள் இல்லையென்றால் அப்பா அம்மாவிடம், நம் குடும்பத்தில் முதலில் வந்தவர் யார், எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எந்தத் தோட்டம் என்று கேட்டு எழுதுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்கும்போது “அதெல்லாம் எதுக்கு இப்போ?” என்று தட்டிக் கழிக்காதீர்கள். கல்லில் ஏறாத பெயர்கள் நம் பிள்ளைகளின் நோட்டிலாவது இருக்கட்டும்.