பூண்டி நீரும் தீரர் சத்தியமூர்த்தியும்

பூண்டி என்றதும் நம் பங்கு மக்களில் பலருக்குத் தஞ்சை மாவட்டத்துப் பூண்டி மாதாவே நினைவுக்கு வருவாள். நமது திருவள்ளூருக்கு அண்மையிலும் ஒரு பூண்டி உண்டு. கொசத்தலை ஆற்றின் குறுக்கே எழுந்த அந்த நீர்த்தேக்கத்தின் வரலாறு, மக்கள் பிரதிநிதி ஒருவரின் தொண்டு வரலாறுமாகும். யூபிலி ஆண்டில் அதனை நினைவுகூர்வது நமக்குப் பயன் தரும்.

சத்தியமூர்த்தி 1887-ஆம் ஆண்டு புதுக்கோட்டைச் சீமையிலுள்ள திருமயத்தில் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, பின்னர் சட்டமும் கற்று வழக்கறிஞரானார். காங்கிரஸ் இயக்கத்தில் சேர்ந்து பலமுறை சிறை சென்றார். சொல்லாற்றலில் அவருக்கு நிகரானோர் அக்காலத்தில் வெகு சிலரே. காமராசரைப் பொதுவாழ்வில் உருவாக்கியவரும் இவரே. அன்னாரின் எல்லாக் கருத்துக்களும் நமக்கு உடன்பாடானவை அல்ல. தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயன்றபோது இவர் எதிர்த்து நின்றதை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் நகர மக்களுக்கு அவர் ஆற்றிய பணியை மறத்தலும் நன்றன்று.

1939-இல் அவர் சென்னை மாநகராட்சியின் மேயரானார். அன்று மேயர் பதவிக்காலம் ஓராண்டு மட்டுமே. நிர்வாக அதிகாரமோ பெரும்பாலும் ஆணையரிடம் இருந்தது. நகரோ செங்குன்றம் ஏரியை நம்பி வாழ்ந்தது. பெருகிவந்த மக்கள் தொகைக்கு அந்த நீர் போதவில்லை. இரண்டாம் உலக யுத்தமும் மூண்டுவிட்ட வேளை அது. பெரிய கட்டுமானத்திற்கு ஆங்கில அரசின் இசைவைப் பெறுவது எளிதன்று. எந்த அரசை எதிர்த்துச் சிறை சென்றாரோ, அதே அரசிடம் மக்களின் தாகத்திற்காக வாதாடினார், வெற்றியும் கண்டார். 1940-இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் கைதாகி, அமராவதிச் சிறையில் நலிவுற்று, 1943 மார்ச் 28 அன்று சென்னையில் உயிர் நீத்தார். மறு ஆண்டு, 1944-இல், நீர்த்தேக்கம் நிறைவுற்றது. தாம் வேண்டிப் பெற்ற நீரை அவர் கண்ணால் காணவில்லை. இன்று அதற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். அதன் இன்றைய கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1983-இல் ஏற்பட்ட தெலுங்கு கங்கை ஒப்பந்தப்படி, 1996 முதல் கிருஷ்ணா நதி நீரும் இங்கேதான் வந்து சேருகிறது.

இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நகரின் தாகம் தீர, நமது வட்டாரம் தன் நிலத்தைக் கொடுத்தது. கண்பார்வை இழந்த சுந்தரர் ஊன்றுகோல் பெற்றதாகச் சைவ மரபு போற்றும் திருவெண்பாக்கத்துக் கோயில் நீரில் மூழ்கியது. பின்னர் அது பூண்டியில் புதிதாக எழுப்பப்பட்டது. பிற்காலத்தில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் நிலத்தடி நீரும் நகருக்கும் ஆலைகளுக்கும் சென்றது. மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடியில் கடல்நீர் புகுந்து, கிணறுகள் உவர்ப்பாயின. ஒருவர் தாகம் தீர மற்றொருவர் கிணறு வற்றலாமா என்ற கேள்வி, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்து வாழும் நமக்குப் புதியதல்ல. இக்கேள்வியை ஆலயத்தில் மட்டும் எழுப்பினால் போதாது; ஊராட்சியிலும், பேரூராட்சியிலும், நகர்மன்றத்திலும் எழுப்ப வேண்டும்.

அரசியல் அழுக்கானது, நமக்கு வேண்டாம் என்று ஒதுங்குவோர் நம்மிடையே உண்டு. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமோ 1965-இல், மக்கள் நலனுக்காகப் பொதுப்பணியின் சுமையை ஏற்போரைப் பாராட்டியது. தாகமுற்றோருக்குத் தண்ணீர் கொடுத்தலைத் தமக்கே செய்ததாக ஆண்டவர் ஏற்கிறார் என்று நாம் நம்புகிறோம். ஒரு குவளை நீர் கொடுத்தல் அறம். ஒரு தெருவுக்கே குழாய் வரச் செய்தலும் அதே அறமன்றோ?

பதவி சிறிது, காலம் குறைவு என்று சத்தியமூர்த்தி சோர்ந்திருக்கவில்லை. நம் பங்கின் பொதுநிலையினரும், சிறப்பாக இளைஞரும் தாய்மாரும், வார்டு உறுப்பினராக முன்வர வேண்டும். வந்தபின் சாதி, மதம் பாராமல் கடைசி வீட்டுக்கும் தண்ணீர் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பலனைத் தாம் காணாவிடினும், பின்வருவோர் பருகுவர். அத்தகைய தொண்டர்களை இறைவன் நம் பங்கிற்குத் தந்தருள மன்றாடுவோம்.