நெல் எப்போ கணக்கில் ஏறுது?

‘ஸ்டாக் இருக்கா?’ன்னு கேட்டா, இப்போ கடைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் பதில் சொல்றார். எங்க துறையூர்ப் பக்கம் அந்தக் காலத்துல குதிரின் வயிற்றைத் தட்டிப் பார்த்தே சொல்லிடுவாங்க. நெல் இருக்கிற மட்டம் வரைக்கும் சத்தம் அடங்கி வரும், அதுக்கு மேல வெறுமையா ஒலிக்கும். அடுத்த அறுப்புக்கு எத்தனை மாசம், வீட்டில் எத்தனை வாய், விதைக்கு எவ்வளவு, எல்லாம் போக மீதிதான் விற்பனைக்கு.

கணக்கு தொடங்குற இடம் களம். முதல் மரக்காலை ‘ஒண்ணு’ன்னு சொல்ல மாட்டாங்க, ‘லாபம்’னுதான் எண்ணுவாங்க. 12 மரக்கால் ஒரு கலம். ராத்திரி களத்திலேயே கிடக்கிற குவியலுக்குச் சாணிப்பாலால் குறி போடுவாங்க. யார் கை வச்சாலும் குறி கலைஞ்சு காட்டிக் கொடுத்துடும்.

இதையே பெரிய அளவில் செஞ்சது கோயில்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், எந்த ஊர் எவ்வளவு நெல் அளக்கணும், யாருக்கு எவ்வளவு கொடுக்கணும்னு ரெண்டு பக்கமும் வெட்டி வச்சிருக்காங்க. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், ஒரு பங்குக்கு வருஷம் 100 கலம். அளக்க ‘ஆடவல்லான்’ங்கிற மரக்கால். ஆளுக்கு ஒரு அளவு இருந்தா கணக்கே நிக்காதில்லையா? ஸ்ரீரங்கம் கோயிலில் வட்ட வட்டமான நெற்களஞ்சியங்களை இன்னைக்கும் பார்க்கலாம்.

அந்தக் கணக்கு எல்லாருக்கும் நியாயமா இருந்துச்சுன்னு சொல்ல வரல. மேல்வாரம் எடுக்கிறவங்களுக்காகத்தான் முதல்ல எண்ணினாங்க. ஆனா நெல் களத்தில் குவிஞ்ச அன்னைக்கே கணக்குக்குள் வந்துடும்.

1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடிச்சதும் அங்கிருந்து வந்த அரிசி நின்னுபோச்சு, இங்கே ரேஷன் வந்தது. 1952-ல் ராஜாஜி கட்டுப்பாட்டை எடுத்தார். 1965-ல் இந்திய உணவுக் கழகம் தொடங்கினப்போ அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான். 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்த பிறகு, நீங்க வாங்கின அரிசி அந்த நிமிஷமே இருப்பில் கழியுது, போனுக்கு மெசேஜும் வருது.

இவ்வளவு நுணுக்கமான கணக்கு எங்கே தொடங்குது? கொள்முதல் நிலையத்தில் எடை போட்ட பிறகு. ஆன்லைன் முன்பதிவில் நம்ம சிட்டாவும் அடங்கலும் ஏறும், நெல் ஏறாது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கணும். சாக்கு வரணும், லாரி வரணும். அதுவரைக்கும் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிற குவியல் எந்தக் கணக்கிலும் இல்லை. நடுவுல ஒரு மழை பெஞ்சா நஷ்டம் விவசாயிக்கு மட்டும்தான், அரசு இருப்பில் ஒரு மணி குறையாது.

நெல் நிலையத்து வாசலுக்கு வந்த நாளையும் மூட்டையையும் அன்னைக்கே பதிஞ்சு, அந்த நாளிலிருந்து பொறுப்பும் ரெண்டு பேருக்கும்னு வைக்கலாம். சாணிப்பால் குறி போட்டவங்களுக்கே தெரிஞ்ச கணக்குதான் இது.