கடல் கடந்த கிழங்குகள்



‘நமது மலர்கள்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தபோது, மாணவி ஒருத்தி சம்பங்கியைச் சங்ககால மலர் என்று எழுதியிருந்தாள். பிழை அவளுடையது மட்டுமன்று. நானும் பல்லாண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் 99 மலர்களுள் செண்பகம் உண்டு. அது மரத்தில் பூப்பது. நாம் மாலையாகத் தொடுக்கும் நிலச்சம்பங்கியோ மண்ணுள் இருக்கும் கிழங்கிலிருந்து முளைப்பது. அதன் தாயகம் மெக்சிகோ. ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்தை அடைந்த பின்னரே அது கடல் கடந்து ஆசியாவுக்கு வந்தது.

டேலியாவும் அந்த மெக்சிகோவின் மலைநாட்டுச் செடியே. 1789இல் மெக்சிகோ நகரிலிருந்து அதன் விதைகள் மாட்ரிட் அரசுத் தாவரத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டன. ஸ்பெயின் நாட்டு அறிஞர் கவனில்லஸ் 1791இல், சுவீடனின் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டால் நினைவாக அதற்குப் பெயர் சூட்டினார். 1963இல் அது மெக்சிகோவின் தேசிய மலராயிற்று.

கேமரன் மலையிலிருந்து கிடைத்த டேலியாக் கிழங்குகளை ஒருமுறை மாணவர்களோடு சேர்ந்து நட்டேன். கிழங்கின் கழுத்தில் முளைக்கண் இருத்தல் வேண்டும். முளை வெளிப்படும்வரை நீரை மிகக் குறைவாகவே விடுதல் வேண்டும். இவற்றை நான் அப்போது அறிந்திலேன். பிள்ளைகள் ஆர்வத்தோடு நாள்தோறும் நீரூற்றினர். பினாங்கின் மழையும் சேர்ந்துகொண்டது. கிழங்குகள் அழுகிப்போயின. அருகில் நட்ட சம்பங்கி நான்காம் மாதத்தில் பூத்தது. ஒரே நாட்டிலிருந்து புறப்பட்ட இரண்டில், இந்த மண்ணின் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கியது சம்பங்கியே.

இவ்வாறு வந்து வேரூன்றிய பயிர்கள் பினாங்கில் வேறும் உண்டு. 1796இல் ஆங்கிலேயர் மொலுக்கஸ் தீவுகளைக் கைப்பற்றினர். அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித், அங்கிருந்து ஆயிரக்கணக்கான ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளை இத்தீவுக்கு அனுப்பினார். இன்று சுற்றுப்பயணிகள் ‘பினாங்கு ஜாதிக்காய்’ என்று கேட்டு வாங்கிச் செல்கின்றனர். அதனை அந்நியம் என்று எவரும் ஒதுக்குவதில்லை.

நம் பிள்ளைகளோ ‘வந்தவர்கள்’ என்னும் சொல்லைச் சில வேளைகளில் கேட்க நேர்கிறது. அதற்கு அஞ்சி, நம்முடையவை யாவும் தொன்மையானவை என்று கற்பித்தல் வரலாறாகாது. எங்கிருந்து வந்தது என்பதை உள்ளபடி சொல்வோம். வந்த இடத்தில் எவ்வாறு வாழ்ந்தது, எவருக்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

அம்மாணவியின் ஏட்டில் ‘சங்ககால’ என்னும் சொல்லை மட்டும் அடித்தேன். ‘சம்பங்கி நமது மலர்’ என்று அவள் எழுதியதை அப்படியே விட்டுவிட்டேன்.