குளித்தலும் முழுகுதலும்

ஒரு மொழியில் அகராதிக்காரருக்குப் பெருந்தொல்லை தருவன அருஞ்சொற்கள் அல்ல. அன்றாடம் வழங்கும் எளிய வினைச்சொற்களே. அருஞ்சொல்லுக்குப் பொருள் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். எளிய சொல்லுக்கோ வீட்டில் ஒரு பொருள், சந்தையில் ஒரு பொருள், வழக்குமன்றத்தில் ஒரு பொருள். ஆங்கிலத்தில் 'செட்' என்பது மூன்றே எழுத்துக்களாலான வினை. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, அதில் வேறெந்தச் சொல்லைக் காட்டிலும் மிகுதியான இடத்தைப் பிடித்துக்கொண்டது அச்சொல்லே. தமிழிலும் அத்தகைய வினைகள் உண்டு. அவற்றுள் இரண்டை இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையில் நின்று காண விரும்புகிறேன். ஒன்று குளித்தல், மற்றொன்று முழுகுதல்.

குளித்தல் என்றதும் உடம்பைக் கழுவிக்கொள்ளுதல் என்றே இன்று பலரும் கொள்வர். இரண்டு குடம் நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாலும் குளியல்தான். ஆனால் 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால், நீராடுதலோடு மூழ்குதல், தைத்தல், மறைதல் என்னும் பொருள்களும் அச்சொல்லுக்கு உண்டெனத் தெரியவரும். பகைவன் மார்பில் வேல் குளித்தது என்பது பழைய வழக்கு. வேல் அங்கே நீராடவில்லை. உள்ளே புகுந்து மறைந்தது. ஒன்றினுள் புகுந்து ஆழச் செல்லுதல் என்னும் கருத்து இப்பொருள்கள் அனைத்தையும் இணைக்கிறது.

அந்தப் பொருளை அழியாமல் காத்தவர்கள் கடற்கரை மக்கள். முத்துக் குளித்தல், சங்கு குளித்தல் என்னும் தொடர்களில் அது இன்றளவும் வாழ்கிறது. மன்னார் வளைகுடாவின் முத்து கிறித்து ஆண்டின் தொடக்கத்திலேயே உலகறிந்த பொருள். முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'பெரிப்புளூஸ்' என்னும் கடற்செலவு நூல் கொற்கையைக் குறிப்பிட்டு, அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்தனர் என்று கூறுகிறது. அரசனின் மார்பில் ஒளிவிட்ட முத்து, உயிரைப் பொருட்படுத்த வேண்டாதவன் என்று ஒதுக்கப்பட்டவனால் எடுக்கப்பட்டது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி வந்த மார்க்கோ போலோ மற்றொரு செய்தி தருகிறார். கொள்ளும் முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறா முதலியவை குளிப்பவரைத் தீண்டாதபடி மந்திரம் செய்தவருக்கு. அம்மந்திரக்காரரைக் 'கடல்கட்டி' என்று தமிழ்க்கரையில் அழைத்தனர். மந்திரம் பகலுக்கு மட்டுமே. இரவில் அதை அவிழ்த்துவிடுவார்களாம். இல்லையேல் இருளில் திருடர் அச்சமின்றிக் குளித்துவிடுவர் அல்லவா!

குளிக்கும் முறையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. தோணியிலிருந்து கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்து, மூச்சை அடக்கி, ஐந்து பாகம், எட்டுப் பாகம் ஆழத்திற்கு மனிதன் இறங்குகிறான். ஏறத்தாழ ஒரு நிமிடம் அவனுக்குரிய காலம். அதற்குள் சிப்பிகளை வாரிக் கூடையில் இட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். மேலே இருப்பவன் அதை உணர்ந்து இழுக்க வேண்டும். கயிறு பிடித்தவன் கண்ணயர்ந்தால் குளித்தவன் முழுகியவனாகிவிடுவான்.

இரு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் விளங்குகிறது என்பது என் கருத்து. குளித்தவன் மீண்டு வருவான். முழுகியது மீளாது. இது இலக்கண நூலார் வகுத்த விதியன்று. மக்கள் வழக்கில் ஊன்றிக் கிடக்கும் குறிப்பு. அடகு வைத்த நகை மீட்கப்படாவிட்டால் 'முழுகிப் போயிற்று' என்கிறோம். கடன்பட்டவன் வட்டியில் முழுகுகிறான். அஞ்சுவானுக்கு ஆறுதலாக, 'இதனால் குடி முழுகிப் போய்விடாது' என்கிறோம். உறவை அடியோடு விட்டவன் 'தலை முழுகிவிட்டேன்' என்கிறான். இறந்தார்க்காகத் தலை முழுகும் வழக்கத்தினின்று பிறந்த பேச்சு அது. நீரினின்று எழுவது அவன் மட்டுமே, உறவு எழுவதில்லை. இவற்றுக்கிடையே மங்கலமான வழக்கு ஒன்றும் உண்டு. கருவுற்ற பெண்ணை 'முழுகாமல் இருக்கிறாள்' என்பர். மாதந்தோறும் முழுகும் முழுக்கு நின்றது என்பதே பொருள். முழுகுதல் இல்லாமையே அங்கே புதிய உயிரின் அடையாளம்.

குளித்தலும் தன் இயல்பு மாறியதுண்டு. இராமகாதையில் சீதை தீக்குளித்தாள், குளித்து மீண்டாள். இருபதாம் நூற்றாண்டில், 1964-ஆம் ஆண்டு சனவரியில் திருச்சிராப்பள்ளியில் கீழப்பழுவூர்ச் சின்னசாமி மொழிக்காக உயிர் நீத்த பின்னர், அச்சொல் மீளாத சாவைக் குறிக்கலாயிற்று.

மீண்டும் கடலுக்கு வருவோம். குளிக்கும் உரிமை யாருக்கு என்னும் வினா வழக்குமன்றமும் ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாக் நீரிணையில் இராமநாதபுரம் கரைக்கு அப்பால் இசைவின்றிச் சங்கு எடுத்தது பற்றிய வழக்கு ஒன்று சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. அந்தச் சங்குப் படுகைகள் இராமநாதபுரம் அரசருக்கு நெடுங்காலமாக உரியவை என்பதை மன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே, ஒருவன் மூச்சடக்கிக் குளித்தால் மட்டும் போதாது. கடலடிக்கும் உரிமையாளர் இருந்தனர்.

கீழக்கரையின் முசுலிம் குளிகாரர் இத்தொழிலில் பெயர் பெற்றவர். கடல் கடந்து இலங்கைச் சலாபங்களுக்கும் சென்றவர். 1905-ஆம் ஆண்டில் மரிச்சுக்கட்டிக் கரையில் நடந்த பெருஞ்சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்க்கு; மிகுந்தது அரசாங்கத்துக்கு. கொற்கையின் குற்றவாளிக்கு ஒன்றுமில்லை என்ற நிலையோடு ஒப்பிட்டால் இது வளர்ச்சியே. எனினும் மூச்சு முழுவதும் குளித்தவனுடையது என்பதை மறக்கலாகாது.

சங்கின் வரலாறும் அத்தகையதே. இக்கரையில் எடுத்த சங்கு வங்காளத்திற்குச் சென்று மணமகளின் கைவளையாயிற்று. மீன்வளத் துறையில் பணியாற்றிய சேம்சு ஆர்னல் 1914-ஆம் ஆண்டில் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். இராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் அக்கினி தீர்த்தமாகிய கடலிலும் நீராடி, முன்னோர்க்குக் கடன் கழிக்க வடநாட்டார் வருகின்றனர். அவர் கரையோரத்தில் முழுக்கிட்டு எழும் அதே கடலின் அடியிலிருந்துதான் அவர் வீட்டுச் சங்கு வந்தது.

அந்தத் தீவின் கோடியில் தனுட்கோடி இருந்தது. 1964-ஆம் ஆண்டு திசம்பர் 22-ஆம் நாள் இரவு எழுந்த புயலில், பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலில் போயிற்று. ஊரும் மூழ்கிற்று. அங்கே வேறு சொல்லைத் தேட வேண்டியதில்லை. குடி முழுகுதல் என்று நாம் எளிதாகப் பேசும் தொடர், ஒரே இரவில் எழுத்துக்கு எழுத்து உண்மையாயிற்று.

தூத்துக்குடியில் அரசாங்கம் நடத்திய முத்துச் சலாபம் 1961-ஆம் ஆண்டோடு நின்றது. தொழில் நின்றாலும் சொல் நின்றுவிடவில்லை. கடலைக் காணாத ஊர்களிலும் நூலாய்வாரைப் பார்த்து 'முத்துக் குளித்தார்' என்று பாராட்டுகிறோம். அவ்வாறு கூறும்போது, அச்சொல்லை நமக்கு ஈட்டித் தந்தவர் கல்லின்மேல் கால் வைத்து இறங்கியவர் என்பதையும், மேலே ஒருவர் விழித்திருந்து கயிறு பிடித்ததனால்தான் அது குளித்தல் என்னும் பெயர் பெற்றது என்பதையும் நினைவிற் கொள்வோமாக.