நான்கு கைகால்கள், ஒரே கணக்கு

முதலில் ஒரு சிறு சோதனை. இரண்டு ஆட்காட்டி விரல்களையும் நீட்டி, இரண்டையும் சேர்த்து ஒரே பக்கமாக, வலம் இடம், வலம் இடம் என்று ஆட்டுங்கள். மெல்ல வேகத்தைக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் விரல்கள் உங்கள் பேச்சைக் கேட்காமல், கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் ஆடத் தொடங்கிவிடும். ஸ்காட் கெல்சோ என்ற ஆய்வாளர் 1980களின் தொடக்கத்தில் செய்து காட்டியது இது. இரண்டு விரல்களுக்கே இந்தப் பாடு என்றால், டிரம்ஸ் வாசிப்பவர் இரண்டு கைகளையும் இரண்டு கால்களையும் நான்கு வேலைகளுக்கு எப்படி அனுப்புகிறார்?

இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்குச் சற்று அதிகமான வயதுதான். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வாத்தியக் குழுக்களில் பெரிய பேஸ் டிரமுக்கு ஒருவர், ஸ்னேர் டிரமுக்கு ஒருவர் என்று தனித்தனி ஆட்கள் இருந்தார்கள். நாடக அரங்கில் இடமோ குறைவு. ஆளைக் குறைத்தால் சம்பளமும் மிச்சம். எனவே ஒருவரே இரண்டையும் வாசிக்கப் பழகினார். காலால் மிதிக்கும் கருவிகளையும் பலர் செய்து பார்த்தார்கள். வேகமாக மிதிக்கக்கூடிய பெடல் ஒன்றை உருவாக்கிய வில்லியம் லுட்விக், தம்பி தியோபால்டுடன் சேர்ந்து 1909ல் சிக்காகோவில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வலது கால் முழுநேர வாத்தியக்காரரானது அப்படித்தான். 1920களின் பிற்பகுதியில் ஹைஹாட் வந்தது; இடது காலுக்கும் வேலை கிடைத்தது. சிக்கனத்தில் பிறந்த கலை என்றே இதைச் சொல்வேன்.

ஆனாலும் அன்றைய வாசிப்பில் கால் காலப்பிரமாணத்தைக் காக்கும், கைகள் அதன்மேல் விளையாடும். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், மிண்டன்ஸ் என்ற இசை விடுதியில், 1940களில் கென்னி கிளார்க் இதைத் தலைகீழாக்கினார். காலப்பிரமாணத்தை வலது கையின் சிம்பலுக்கு மாற்றிவிட்டு, வலது காலையும் இடது கையையும் எதிர்பாராத இடங்களில் வெடிக்கவிட்டார். இதை மற்றவர்கள் கற்பது எப்படி? 1948ல் ஜிம் சேப்பின் ஒரு பயிற்சி நூலை வெளியிட்டார். வலது கையும் இடது காலும் மாறாத ஒரு வடிவத்தை வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடது கை அதன்மேல் வரிவரியாகப் புதியவற்றைக் கற்கும். பிறகு வலது காலின் முறை.

மனம் நான்காகப் பிரிவதில்லை என்பதே இதில் உள்ள சூட்சுமம். ஒரே கால அளவில் வலது கைக்கு மூன்று அடி, இடது கைக்கு இரண்டு அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியே எண்ணினால் குழப்பம்தான். 'சேர்ந்து, வலது, இடது, வலது' என்று ஒரே தொடராகப் பிடித்துக்கொண்டால் கை வந்துவிடுகிறது. நம் மிருதங்க ஆசிரியர்கள் சொற்கட்டை வாயால் சொல்ல வைப்பதும் இதற்காகத்தான் என்பது என் எண்ணம். 2019ல் ஜெர்மனியின் போஹும் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பல்லாண்டு அனுபவமுள்ள டிரம்ஸ் கலைஞர்களின் மூளையை ஆராய்ந்தார்கள். மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புப் பாலத்தில், அவர்களுக்கு இழைகள் குறைவாகவும் தடிப்பாகவும் இருப்பதைக் கண்டார்கள்.

அப்படியானால் வாசிப்பு கையில் இருக்கிறதா, மனத்தில் இருக்கிறதா? இங்கிலாந்தின் டெஃப் லெப்பர்ட் இசைக்குழுவின் ரிக் ஆலன், 1984 டிசம்பர் 31ஆம் நாள் நடந்த கார் விபத்தில் இடது கையை இழந்தார். வயது 21. டிரம்ஸ்காரருக்குக் கை போனால் எல்லாம் போயிற்று என்றுதானே நினைப்போம்? அவரோ மருத்துவமனைக் கட்டிலிலேயே கால்களால் தாளம் தட்டிப் பார்த்தார். தமக்கென மின்னணு டிரம்ஸ் ஒன்றை அமைக்கச் செய்து, கூடுதல் பெடல்களை வைத்துக்கொண்டார். 1986 ஆகஸ்டில் டோனிங்டன் திறந்தவெளி இசைவிழாவில், பெருங்கூட்டத்தின் முன் மீண்டும் அமர்ந்தார். முன்பு இடது கை அடித்த ஸ்னேர் அடிகளை, அன்று இடது கால் அடித்தது.