திருமண் காப்பும் அபராத க்ஷமையும்

மயிலையம்பதி பேயாழ்வார் திருவவதரித்த திவ்ய ஸ்தலம். ஐப்பசித் திங்கள் சதய நன்னாளில் இவ்வூர்க் கிணறொன்றில் செவ்வல்லி மலரில் அவ்வாழ்வார் தோன்றினார் என்று குருபரம்பரை கூறும். அவ்வாழ்வாருடைய ஸந்நிதி விளங்கும் ஆதிகேசவப் பெருமாள் திருக்கோயில் தென்கலை ஸம்ப்ரதாயத்தைச் சார்ந்தது. அதனை அடுத்தே வேதாந்த தேசிகர் தேவஸ்தானம் வடகலை ஸம்ப்ரதாயத்தில் விளங்குகின்றது. இரண்டு ஸந்நிதிகளிலும் ஓதப்படுவது ஒரே நாலாயிரம். போற்றப்படுபவர் ஒரே எம்பெருமானார். அடையப்படும் பரம்பொருள் ஒரே திருமால். ஆயினும் ஸேவாகாலத் தொடக்கத்தில் ஓரிடத்தில் ‘ஸ்ரீசைலேச தயாபாத்ரம்’ என்னும் தனியனும், மற்றோரிடத்தில் ‘ராமாநுஜ தயாபாத்ரம்’ என்னும் தனியனும் ஒலிக்கின்றன. அடியார்களின் நெற்றியில் திருமண் காப்பும் இருவிதமாகத் துலங்குகின்றது. இவ்வேறுபாடு எதனால் எழுந்தது, எதன் பொருட்டு நிலைத்தது, அதனால் ஸமுதாயம் பெற்றது யாது, இழந்தது யாது என்பன ஆராயத்தக்கன.

இவ்விரு கலைகளும் தனித்தனிப் பெயருடன் பிரிவதற்கு நெடுங்காலம் முன்னரே நிகழ்ந்ததாகப் பூர்வாசார்யர்கள் கூறிவந்த ஐதிஹ்யம் ஒன்று உண்டு. சோழ மன்னன் ஒருவனால் எம்பெருமானாருக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சிய வேளையில், கூரத்தாழ்வான் தம் ஆசார்யனுடைய காஷாயத்தைத் தாம் தரித்துப் பெரிய நம்பியுடன் அரசவைக்குச் சென்றார். அங்கே தம் இரு கண்களையும் இழந்தார். எம்பெருமானார் மேல்நாட்டுக்கு எழுந்தருளித் திருநாராயணபுரத்தில் பல்லாண்டுகள் இருந்து, பின்னர் திருவரங்கம் மீண்டார். மீண்டவர் ஆழ்வானைக் கண்டு, “என் பொருட்டன்றோ உமக்கு இது நேர்ந்தது!” என்று நெஞ்சுருகினார். அதற்கு ஆழ்வான், ‘அடியேன் எப்போதோ ஒரு பாகவதருடைய திருமண் காப்பு கோணலாக இருக்கிறதென்று நினைத்திருக்கக்கூடும், அதன் பலனே இது’ என்னும் கருத்துப்பட விண்ணப்பம் செய்தாராம்.

இவ்வைதிஹ்யத்தின் ஆழம் பெரிது. கண்ணிழப்புக்குக் காரணமானவன் மன்னன். அவனுக்குத் தூண்டுகோலாயிருந்தவன், ஆழ்வானையே ஆசார்யனாகக் கொண்டிருந்த நாலூரான். இவ்விருவரையும் குறை கூறாமல், அடியார் ஒருவருடைய நெற்றிக் குறியைப் பற்றித் தம் மனத்தில் தோன்றியிருக்கக்கூடிய ஓர் ஏளனத்தையே ஆழ்வான் குற்றமாகக் கண்டார். பின்னர் காஞ்சியில் பேரருளாளனைத் துதித்து வரம் வேண்டும் தருணம் வாய்த்தபோதும், தமக்குக் கண்ணை வேண்டாது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்றே வேண்டினார். தன் குற்றத்தைப் பெரிதாகவும் பிறர் குற்றத்தைச் சிறிதாகவும் காண்பதே ஸ்ரீவைஷ்ணவ லக்ஷணம் என்பது இதனால் விளங்கும்.

குற்றமும் க்ஷமையும் பற்றிய இந்த விசாரமே பிற்காலத்தில் இரு ஆசார்ய பரம்பரைகளின் கருத்து வேற்றுமைக்கு ஒரு முக்கிய நிலைக்களனாயிற்று. கலைபேதங்களைப் பதினெட்டு என்று எண்ணுவது மரபு. அவற்றுள் அடியவனுடைய நெஞ்சை நேரே தொடுவது, பாபம் செய்தவனை எம்பெருமான் எவ்வாறு நோக்குகிறான் என்னும் வினாவாகும். எம்பெருமானுக்கு வாத்ஸல்யம் என்றொரு குணம் உண்டு என்பதில் இருசாராரும் ஒருமித்தவரே. அன்றீன்ற கன்றின் மேனியிலுள்ள வழும்பைத் தாய்ப்பசு இனியதாகக் கொண்டு நக்குவது போல, அடியவனுடைய தோஷத்தையே போக்யமாகக் கொள்வது வாத்ஸல்யம் என்று பிள்ளை லோகாசார்யர் வழிவந்தோர் விளக்குவர். இது தோஷபோக்யத்வம் எனப்படும். அடியவனுடைய தோஷத்தைக் காணாதவன் போல இருத்தலே வாத்ஸல்யம் என்று வேதாந்த தேசிகர் வழிவந்தோர் விளக்குவர். இது தோஷாதர்சித்வம் எனப்படும்.

இவ்விரண்டும் சொல் வேறுபாடு மட்டுமோ எனின், அன்று. ‘என் பாபம் மலை போன்றது; எனக்கு ஏது கதி?’ என்று தளர்ந்து கிடப்பவனுக்கு முதற்கூறிய கருத்து அருமருந்தாகும். எந்த அழுக்கைக் கண்டு அவன் வெட்கி விலகுகின்றானோ, அவ்வழுக்குடனேயே அவனை எம்பெருமான் விரும்புகிறான் என்பது அதன் தேற்றம். ‘எப்படியும் பெருமான் பொறுப்பான்’ என்று அசட்டையாகத் திரிபவனுக்குப் பிற்கூறிய கருத்து கடிவாளமாகும். தோஷம் தோஷமே, அதைக் காணாதிருப்பது அவன் பெருந்தன்மை, அப்பெருந்தன்மையை இகழலாகாது என்பது அதன் எச்சரிக்கை. ஒன்று நிராசையைப் போக்குவது; மற்றொன்று செருக்கைப் போக்குவது. இவ்விரு நோய்களும் ஒரே மனிதனிடத்தில் மாறி மாறி எழுவன என்பதை அனுபவசாலிகள் அறிவர்.

சரணாகதி செய்தபின் ஒருவன் அறிந்தே குற்றம் புரிந்தால் செய்யத்தக்கது யாது என்பதிலும் இவ்வேற்றுமை தொடர்கின்றது. பிராயச்சித்தமாக மீண்டும் ஒரு ப்ரபத்தி செய்யவேண்டும், இன்றேல் இப்பிறவியிலேயே சிறு தண்டனையேனும் அனுபவித்துத் தீரவேண்டும் என்பது தேசிகர் மரபு. ப்ரபத்தி ஒருமுறையே செய்யத்தக்கது, முன்செய்த அதனை நினைத்துக்கொள்வதே போதுமானது என்பது லோகாசார்யர் மரபு. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதையும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்வதையும் உவமையாக்கி, மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இவ்வேற்றுமையைச் சுருக்கிச் சொல்வர். எனினும் தேசிகர் ஜீவனுடைய முயற்சியைப் பெருமானுடைய கருணைக்கு விலையாகக் கூறினாரல்லர். எல்லோரையும் ஒருங்கே காக்கவல்லவன் சிலரை மட்டும் காப்பானாயின் பக்ஷபாதம் என்னும் பழி அவனுக்கு வரும். அப்பழி வாராதபடி ஒரு வியாஜம், ஒரு சிறு சாக்கு, வேண்டும் என்பதே அவர் திருவுள்ளம். லோகாசார்யரோ, அவ்வியாஜமும் தன் செயல் என்று ஜீவன் தருக்குதற்கு இடமாகுமே என்று அஞ்சினார். ஒருவர் பெருமானுடைய நீதிக்கு இழுக்கு வாராமற் காத்தார். மற்றவர் அவனுடைய கருணைக்கு எல்லை வாராமற் காத்தார்.

காகாஸுர விருத்தாந்தம் இதற்குத் தக்க சான்று. பிராட்டியிடம் அபசாரப்பட்ட காகம் மூவுலகும் ஓடியும் புகலின்றி, இறுதியில் பெருமாள் திருமுன்பே விழுந்தது. பிராட்டியின் ஸந்நிதியில் அது உயிர் பெற்றது. பிராட்டி அருகில் இல்லாத போர்க்களத்தில் இராவணன் மாண்டான். தாயார் அருகிருப்பதன் ஏற்றத்தை இக்கதையால் இரு மரபினரும் கொண்டாடுவர். ஆனால் அக்காகம் விழுந்தது களைப்பினால்தானே, அதில் அதன் செயல் என்ன இருக்கிறது என்பர் ஒருசாரார். களைப்பினால் விழுந்ததாயினும் விழுந்தது திருவடியில் அன்றோ, அதுவே வியாஜமாயிற்று என்பர் மற்றொருசாரார். கதை ஒன்று, கண்ணீரும் ஒன்று, உரை இரண்டு.

இவ்விரு ஆசார்யர்களும் தம் வாழ்நாளில் எதிரெதிர் அணிகளை வகுத்தவர்கள் அல்லர். 1323ஆம் ஆண்டில் தில்லிப் படையெடுப்பால் திருவரங்கம் கலங்கியபோது, முதுமையெய்திய பிள்ளை லோகாசார்யர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே சென்றார். மதுரைக்கு அருகில் ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். அதே ஆபத்தில் வேதாந்த தேசிகர், ஸுதர்சன ஸூரியின் ச்ருதப்ரகாசிகை என்னும் நூலையும் அவர்தம் இளங்குமாரர் இருவரையும் காத்து, பிணக்குவியலிடையே மறைந்திருந்து, கன்னட தேசம் சேர்ந்தார் என்பது வரலாற்று மரபு. ஒருவர் அர்ச்சையைக் காத்தார். ஒருவர் பாஷ்ய உரையைக் காத்தார். 1371ஆம் ஆண்டில் விஜயநகரத் தலைவரான கோபணார்யர் நம்பெருமாளை மீண்டும் திருவரங்கத்தில் பிரதிஷ்டை செய்தபோது திரும்பி வந்தது அவ்விருவருடைய உழைப்பின் பயனாகும்.

தேசிகருக்குத் திருவரங்கத்தில் நேர்ந்ததாகச் சொல்லப்படும் அவமானமும் நினைக்கத்தக்கது. பொறாமை கொண்டோர் சிலர் அவர் திருமாளிகை வாயிலில் பாதரக்ஷைகளைக் கட்டித் தொங்கவிட்டனராம். அவை தலையில் இடிக்கக் கண்ட தேசிகர் சினவாது, பாகவதர்களின் பாதுகை தம் முடிமேல் பட்டது பாக்கியமே என்று ஏற்றார் என்பர்.

பின்வந்த மணவாள மாமுனிகள் (1370–1443) லோகாசார்யருடைய ரஹஸ்ய க்ரந்தங்களுக்கு வியாக்யானம் அருளியவர். தென்கலையாரின் தலையாய ஆசார்யர். அவருடைய அஷ்டதிக்கஜங்களுள் ஒருவரான பிரதிவாதி பயங்கரம் அண்ணன், முன்னர் தேசிகருடைய திருக்குமாரரான நயினாராசார்யரிடம் பயின்றவர். அங்கே கற்ற கல்வியுடன் வந்து மாமுனிகளை ஆச்ரயித்த இம்மஹானே ஸ்ரீ வேங்கடேச ஸுப்ரபாதத்தை இயற்றியவர். 1963ஆம் ஆண்டில் ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் குரலில் அது இசைத்தட்டாக வெளிவந்தது முதல், மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் எண்ணிறந்த இல்லங்களில் பொழுது புலர்வதே அதனுடன்தான். ஸுப்ரபாதத்தைத் தொடர்ந்து வரும் ஸ்தோத்ரம், ப்ரபத்தி, மங்களாசாஸனம் ஆகியவற்றையும் கலைபேதம் கருதாமல் எல்லோரும் ஓதுகின்றனர். தேசிகருடைய குமாரரிடம் பயின்ற நாவே, மாமுனிகளின் திருவடியில் அமர்ந்து அதனைப் பாடிற்று என்பதைச் செவிமடுப்போருட் பலர் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இத்தகைய உறவு இருந்தும், பிற்காலத்தில் கருத்து வேற்றுமை கட்சி வேற்றுமையாக இறுகியது. ஸந்நிதிகளில் எத்தனியன் முதலில் ஓதப்படுவது, எத்திருமண் யானைக்கும் வாகனத்துக்கும் சாற்றப்படுவது, தீர்த்தமும் மரியாதையும் யாருக்கு முதலில் என்பன வழக்குகளாயின. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவல்லிக்கேணிப் பார்த்தஸாரதி ஸ்வாமி ஸந்நிதியின் தனியன் வழக்கு கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளின் முன் சென்றது. காஞ்சி தேவராஜ ஸ்வாமி ஸந்நிதியின் வழக்கு 19ஆம் நூற்றாண்டில் நீதிமன்றம் ஏறி, 2022ஆம் ஆண்டிலும் சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. கூரத்தாழ்வான் நாலூரானுக்காக மன்றாடி நின்ற அதே பேரருளாளன் திருமுன்பு அது.

அவ்வழக்குகளை வீண் பிடிவாதம் என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. தன் ஆசார்யனைத் தெய்வமாகக் கொண்டவனுக்கு அவ்வாசார்யனுடைய தனியன் வெறும் சொல் அன்று. தன் தந்தையும் பாட்டனும் நின்ற கோஷ்டியில் தானும் நிற்கும் உரிமை அது. அதனை விட்டுக்கொடுத்தால் குருத்ரோஹமாகுமோ என்று அவன் அஞ்சுகிறான். அதனைப் பற்றி நின்றால் எதிரே நிற்கும் அடியார் மனம் புண்படுகின்றது. இந்த இக்கட்டிலேதான் உண்மையான பக்தனுடைய நெஞ்சு துன்புறுகின்றது.

இங்கே லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் வகுத்த முறை நினைவிற் கொள்ளத்தக்கது. விலக்கியதைச் செய்தல், பகவதபசாரம், பாகவதாபசாரம், அஸஹ்யாபசாரம் எனக் குற்றங்களை நான்காக அடுக்கி, ஒன்றைக் காட்டிலும் அடுத்தது கொடியது என்று அவர் காட்டினார். பகவானுக்குச் செய்யும் பிழையினும் அவன் அடியார்க்குச் செய்யும் பிழை பெரிது. காரணமின்றியே பொறாமையாற் செய்வது எல்லாவற்றினும் பெரிது. பாகவதாபசாரம் கொடியது என்பதில் தேசிகர் மரபினருக்கும் இரண்டாவது கருத்தில்லை. ஆகவே பதினெட்டு பேதங்களுக்கு அப்பால், இரு கலையாரும் ஐயமின்றி ஒப்புக்கொண்ட ஸித்தாந்தம் ஒன்று உண்டு. எந்த உரிமைக்காக வாதாடினும், வாதாடும்போது எதிரே நிற்கும் அடியாரை இகழ்வானாயின், தன் கலை விதித்த நெறியிலிருந்தே ஒருவன் வழுவியவனாகிறான். கொள்கையிற் பிடிப்பு குற்றமன்று. அடியாரை அடியாராகக் காணாமையே குற்றம்.

திருமண் காப்பின் தத்துவமும் இதனையே உணர்த்தும். வடகலைத் திருமண் எம்பெருமானுடைய வலத் திருவடி என்றும், மூக்கின் மேற் பாதமிட்ட தென்கலைத் திருமண் தாமரைப் பீடத்தின் மேலுள்ள இரு திருவடிகள் என்றும் பெரியோர் பொருள் கூறுவர். அதுவும் திருவடியே, இதுவும் திருவடியே. ஒரு நெற்றியைக் கண்டு ஏளனம் செய்வோன் ஏளனம் செய்வது அந்நெற்றிக்குரிய மனிதனை அன்று.

திருக்கோயில் வழிபாடு தன்னிடத்துக் குறை உண்டென்பதை என்றும் மறைத்ததில்லை. ஆண்டு முழுவதும் மந்திரத்திலும் கிரியையிலும் நேர்ந்த லோபங்களுக்குப் பரிஹாரமாகவே பவித்ரோத்ஸவம் நடைபெறுகின்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஸம்ப்ரோக்ஷணம் செய்து, விமானத்தில் கண்ட வெடிப்பைப் பூசி, பீடத்தில் நெகிழ்ந்த அஷ்டபந்தனத்தைப் புதுப்பிப்பதும் அம்முறை பற்றியதே. கல்லும் சுதையும் காலத்தால் நெகிழும் என்று ஆகமம் அறிந்திருக்கின்றது. நெகிழ்ந்தது என்று வெட்கித் திருக்கதவைச் சாத்திவிடாது, நெகிழ்ந்ததைக் கட்டி மீண்டும் பெருமானை அழைக்கின்றது. அடியார்களிடையே நெகிழ்ந்த பந்தத்துக்கும் அந்நியாயமே பொருந்தும். அதற்கு வேண்டிய திரவியம் கூரத்தாழ்வான் காட்டிய அபராத பயமும், நாலூரானுக்காக அவர் வேண்டிய கருணையுமே ஆகும்.

புரட்டாசித் திருவோணத்தில் தேசிகரையும், ஐப்பசி மூலத்தில் மாமுனிகளையும், ஐப்பசிச் சதயத்தில் இருவருக்கும் முதல்வரான பேயாழ்வாரையும் மயிலை மாநகர் ஆண்டுதோறும் கொண்டாடுகின்றது. இம்மூன்று நாட்களிலும் திருவீதியில் கேட்பது அவரவர் கோஷ்டியின் ஒலியாயினும், அவ்வொலி சென்று சேரும் திருச்செவி ஒன்றே. அடியார் குழாங்கள் வாழ்க. அபராதங்களைப் பொறுத்தருளும் திருமகள்கேள்வன் திருவருள் யாவர்க்கும் பெருகுக.